கைக்கு அடக்கமாக

1

இந்தக் கதை ஒரு காகிதத்திலிருந்து தொடங்குகிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் உத்தரவாத அட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது, மேசையின் கடைசி இழுப்பறையில் அது தற்செயலாக அகப்பட்டது.

பொய். முதல் பத்தியிலேயே ஒன்று. இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று எனக்கு ஏழு வருஷமாகத் தெரியும். இரண்டு தடவை வீடு மாறியிருக்கிறேன். இரண்டு தடவையும் அதை நானே எடுத்து, அதே இழுப்பறையின் அடியில், அதே பக்கம் மேலே தெரியும்படி வைத்திருக்கிறேன்.

உண்மையில் நடந்தது இது. நான் ஒரு மாத இதழில் உடல்நலப் பக்கம் எழுதுகிறவள். முதுகுவலிக்கு எந்த நாற்காலி, நடைக்கு எந்தச் செருப்பு, இப்படி. மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். போன மாதம் எங்கள் இதழாசிரியர் என் மேசைக்கு வந்தார்.

"அடுத்த இதழ் முழுக்க நீச்சல். நீங்க பேடில் எழுதிடுங்க. கைல மாட்டிக்கிட்டு நீந்துவாங்களே, அது. எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு. அறுநூறு வார்த்தை போதும்."

"எனக்கு நீச்சலே தெரியாதே சார்."

"முதுகுவலியும்தான் உங்களுக்கு இல்ல. எழுதலையா?"

அன்று மாலையே ஒரு வரி எழுதினேன்: "கைத்துடுப்பு* வாங்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது அளவு." அதற்கப்புறம் நான்கு நாள் ஒரு சொல்கூட வரவில்லை. ஐந்தாம் நாள் இழுப்பறையைத் திறந்தேன்.

காகிதத்தில் ஒரு கை இருக்கிறது. இடது கை. வெள்ளைத் தாளில் கையை வைத்து, சுற்றிப் பேனாவை ஓட்டி வரைந்தது. ஐந்து விரல்களும் நன்றாக விரிந்திருக்கின்றன.

(உங்களை இந்தக் கதை முழுக்க 'நீங்கள்' என்றுதான் அழைக்கப்போகிறேன். முகம் தெரியாதவர்களை வேறு எப்படி அழைப்பது? கேள்வி கேட்காமல் 'நீ' என்று நான் கூப்பிடுகிற ஆள் ஒருத்திதான். அவளுடையதுதான் இந்தக் கை.)

* கடையில், குளத்தில், எங்கேயும் இதற்குப் பேடில் என்றுதான் பேர். கைத்துடுப்பு என்று எழுதினால் இதழில் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று நானே போட்டது. கதையில் யாராவது வாயைத் திறந்தால் பேடில் என்பார்கள். நான் எழுதும்போது கைத்துடுப்பு. குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

2

கதையைத் தொடங்கிப் பார்த்த விதங்கள்:

[நீலத் தண்ணீருக்குமேல் காலை வெயில் தகதகவென்று]

இல்லை. அது உள்ளரங்குக் குளம். வெயில் வராது. கூரையில் வரிசையாகக் குழல்விளக்குகள், அதில் ஒன்று எப்போதும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். குளோரின் வாடை அடுத்த நாள் வரைக்கும் தலைமுடியில் நிற்கும்.

[என் தங்கைக்குத் தண்ணீர் என்றால் உயிர். பிறந்தபோதே]

இதுவும் இல்லை. அவள் நீச்சல் கற்றுக்கொண்டதே இருபத்தாறு வயதில், மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்ன பிறகு. முதல் மாதம் ஆழமில்லாத பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதாக அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். பிறகுதான் பைத்தியம் பிடித்தது.

[நண்டு நேராக நீந்தாது.]

இதை வைத்துக்கொள்ளலாம். என் தங்கையை வீட்டில் நண்டு என்று கூப்பிடுவோம். தவழுகிற வயதில் எங்கே போவதென்றாலும் பக்கவாட்டில்தான் போவாளாம். முப்பத்திரண்டு வயதில் தண்ணீரிலும் அதையே செய்தாள். ஃப்ரீஸ்டைலில் கை தோளுக்கு நேராக முன்னே போய்த் தண்ணீரில் இறங்க வேண்டும். இவளுக்கு இடது கை தலையைத் தாண்டி வலது பக்கம் போய் இறங்கும். அதனால் உடம்பு நெளியும், பாதை கோணும், மிதக்கும் கயிற்றில் போய் இடித்துக்கொள்வாள். பக்கத்துப் பாதைக்காரர் ஒருவர், "அம்மா, உங்க வீடு அந்தப் பக்கம்" என்று சொன்னாராம்.

சிரிப்புக்குரிய குறைதான். ஆனால் அதில் அவளுக்கு ஒரு வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

3

அந்தக் குளத்தில் உயிர்காப்பாளர் வேலை ஒன்று காலியானது. உயரமான நாற்காலி, சிவப்புச் சட்டை, கழுத்தில் விசில். நண்டு அப்போது ஒரு தொலைபேசிச் சேவை நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாரோ செய்த தப்புக்கெல்லாம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்த வேலை கிடைச்சா, பத்து வருஷத்துல முதல் தடவையா யார்கிட்டயும் சாரி சொல்லாம சம்பளம் வாங்குவேன்க்கா" என்றாள்.

தேர்வில் நானூறு மீட்டரை எட்டு நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். அவளுக்கு எட்டு நிமிடம் இருபத்தைந்து விநாடி ஆகிக்கொண்டிருந்தது. தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. குளத்துப் பயிற்சியாளர் அவள் நீந்துவதை இரண்டு சுற்று பார்த்துவிட்டு, பலம் போதும், கை போகிற வழிதான் தப்பு என்றார். சின்னதாக ஒரு ஜோடி கைத்துடுப்பு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அது என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கும் அப்போது தெரியாது. உள்ளங்கையில் ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தகடு அது. அங்கங்கே துளைகள். நடுவிரலை நுழைக்க ஒரு ரப்பர் வளையம், மணிக்கட்டுக்கு இன்னொன்று. கை அகலமாகிவிடுவதால் தண்ணீரை இழுப்பது நன்றாகத் தெரியும். தப்பாக இழுத்தால் அதுவும் தெரியும்.

பயிற்சியாளர் சொன்னதில் முக்கியமானது இது. மணிக்கட்டு வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். விரல் வளையம் மட்டும் இருக்கட்டும். "கை நேரா போனா தண்ணியே தகட்டைக் கையோட அழுத்திப் பிடிச்சுக்கும். கோணலாப் போச்சுன்னா அதுவா கழண்டுடும். கழண்டா நீங்க தப்புப் பண்றீங்கன்னு அர்த்தம். நான் கரையில நின்னு கத்த வேண்டியதில்ல."

இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

4

விளையாட்டுப் பொருள் கடை என் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. அதனால் வாங்குகிற பொறுப்பு என் தலையில். நண்டு என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். போனை ஒரு நொடி நகர்த்தி, "கைக்கு அடக்கமா ஒண்ணு வாங்கிட்டு வாக்கா, போதும்" என்றாள்.

கைக்கு அடக்கமா. நீங்களும் நானும் தினமும் சொல்கிற சொல். கையில் பிடித்தால் உறுத்தாமல், பெரிதாகத் துருத்தாமல், பாந்தமாக இருப்பது. கத்தி, புத்தகம், தண்ணீர் பாட்டில், எதற்கும் சொல்லலாம். (அகராதியில் 'அடக்கம்' என்ற சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. ஒன்று பணிவு. இன்னொன்றை இங்கே எழுத வேண்டாம்.)

அளவுக்கு என்ன செய்வது? நான் ஒரு தாளை எடுத்து அவள் இடது கைக்கு அடியில் நுழைத்தேன். விரல் இடுக்கில் பேனா போகவில்லை.

"விரல நல்லா விரி."

விரித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைவதுபோல, ஒவ்வொரு விரலாகச் சுற்றி வரைந்தேன். பேனா கூச்சம் காட்டியதில் போனில் பேசிக்கொண்டே சிரித்தாள். சுண்டுவிரல் பக்கம் கோடு ஒரு இடத்தில் துள்ளியிருக்கிறது. அது அந்தச் சிரிப்பு.

தண்ணீரில் யாரும் விரலை இப்படி விரித்து வைப்பதில்லை. அந்தக் கோட்டுக்குள் இருப்பது அவள் நீந்துகிற கையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலம். இது எனக்கு அன்று தெரியாது. இந்த அளவில் நான் குற்றமற்றவள்.

5

இப்போது கடைக்காரர். இவர்தான் எனக்குத் தொல்லை கொடுக்கும் பாத்திரம்.

முதல் படியில் இவரை இப்படி எழுதியிருந்தேன்:

[கடைக்காரர் தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "பெருசா எடுத்துக்குங்கம்மா, அப்பதான் பலம் ஏறும். எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க" என்று, உள்ளதிலேயே பெரிய ஜோடியை என் தலையில் கட்டினார். எனக்கு இந்த விஷயத்தில் என்ன தெரியும்? அவர் சொன்னதை நம்பி]

நல்ல பாத்திரம். வாயாடி, பேராசைக்காரர், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. எழுத எழுத எனக்கு மனசு லேசானது. இரண்டு பக்கம் அவரை வைத்து ஓட்டினேன். அப்புறம் அவர் ஒத்துழைக்க மறுத்துவிட்டார். பேராசைக்காரர் என்று நான் எழுதிய ஒவ்வொரு வரியிலும், உண்மையில் அவர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணாடி மட்டும் உண்மை.

நடந்தது இப்படி. அவர் தாளை வாங்கி மேசையில் விரித்து, கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

"விரல் எல்லாம் விசிறி மாதிரி இருக்கே. தண்ணில இப்படி வச்சா ஒண்ணும் நடக்காது. இதுல ரெண்டு அளவு குறைச்சுக்குங்க." சின்ன ஜோடி ஒன்றை எடுத்து வைத்தார். மஞ்சள் நிறம். அசப்பில் சோப்பு டப்பாவின் மூடி.

"இது பொம்மை மாதிரி இருக்கே."

"நீச்சல் திருந்தணும்னா இதுதான். உள்ளங்கையவிட ஒரு விரல்கடை பெருசா இருந்தா போதும். பலத்துக்குன்னா பெருசு இருக்கு, ஆனா அது தோள் நல்லாப் பழகினவங்களுக்கு. அவங்க எத்தனை வருஷமா நீந்தறாங்க?"

"அவ ஒண்ணும் சின்னப் பொண்ணு இல்ல சார். கை முழுக்க அடங்கணும்."

பார்த்தீர்களா? அவள் சொன்னது கைக்கு அடக்கம். நான் கேட்டது கை அடங்குவது. வீட்டிலிருந்து கடைக்கு வருகிற வழியில் சொல் தலைகீழாகிவிட்டது. சொல்லையே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்கு அது நடந்திருக்கக் கூடாது.

கடைக்காரர் தோளைக் குலுக்கினார். "உங்க இஷ்டம்மா. போட்டுப் பார்த்துட்டு, ஒத்து வரலைன்னா பத்து நாளைக்குள்ள கொண்டாங்க. மாத்தித் தர்றேன்."

ஏன் பெரியதை வாங்கினேன்? இத்தனை வருஷம் கழித்து யோசித்தால் கிடைக்கிற பதில் வெட்கக்கேடானது. சின்ன ஜோடியைத் தாளில் சுற்றினால் சோப்பு மாதிரிதான் இருக்கும். ஒரு அக்கா கொடுக்கிற பொருள் அக்கா கொடுத்த மாதிரி இருக்க வேண்டாமா? பெரியது நீல நிறம், பளபளப்பு, பெட்டியில் நீச்சல்வீரர் படம். அதை அவள் பிரிக்கும்போது வாயைப் பிளக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வாயைப் பிளக்கத்தான் செய்தாள். "ஐயோ அக்கா, இதுல நாலு பேருக்கு டீ கொண்டு போலாம் போலருக்கே!" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "சூப்பரா இருக்கு" என்றாள்.

6

இதுவரை படித்ததில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். அளவு தப்பாகிவிட்டது, சரி. அதற்கு ஏழு வருஷமா ஒருத்தி காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள்?

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. இந்தக் கதை ஐந்தாம் பகுதியோடு முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். முடியவில்லை. அதனால் வேறு ஒரு வழி போய்ப் பார்த்தேன். கடையில் மஞ்சள் ஜோடியை வாங்கிவிடுவதாக எழுதினேன்:

[அவள் சிவப்புச் சட்டையில் உயர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே குளத்தோரம் ஓடுகிறவர்களைப் பார்த்து விசில் ஊதுகிறாள். நான் போனால் நாற்காலியிலிருந்தே இடது கையைத் தூக்கி ஆட்டுகிறாள்]

இடது கையைத் தூக்கி. அங்கே நின்றுவிட்டது.

உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை. நண்டு இடது கைக்காரி. அந்தக் கை இப்போது காதுக்கு மேலே போகாது. தேர்வு நாளன்று முந்நூறு மீட்டர் வரைக்கும் நேரத்துக்குள்தான் இருந்தாள். சுவரைத் தொட்டுத் திரும்பினாள். இரண்டு வீச்சு. மூன்றாவதற்கு இடது கை தண்ணீரைவிட்டு மேலே வரவில்லை. மிதக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரையில் நிறுத்துகடிகாரத்தோடு நின்றவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கடிகாரத்தை நிறுத்தினார். தோளில் தசைநார் கிழிந்திருந்தது. ஒரு நாளில் கிழிந்ததில்லை, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்தது என்றார் மருத்துவர். அறுவை செய்தும் முழுதாகத் திரும்பவில்லை.

குளத்தில் அவளுக்குப் பாவம் பார்த்து வேறு ஒரு வேலை கொடுத்தார்கள். நுழைவாயில் பக்கம், பொருள் வைக்கும் பெட்டிகளுக்குச் சாவி கொடுக்கிற முகப்பு. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். சாவி மாட்டும் பலகையில் நாலு வரிசைக் கொக்கிகள். மேல் வரிசை காலி. எல்லாச் சாவியையும் கீழ் மூன்று வரிசையில் இரண்டிரண்டாக மாட்டியிருக்கிறாள். பெட்டி காலியில்லையா, சாவி தவறிவிட்டதா என்று வருகிறவர்கள் கேட்பதுண்டு. "மேல மாட்டினா அழகா இருக்காது சார்" என்பாள். அங்கேயும் அடிக்கடி சாரி சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் அவளுக்குப் போன் செய்தேன்.

"நண்டு, உன்னை வச்சு ஒரு கதை எழுதறேன்."

"என்னை வச்சா? அப்ப ரெண்டு கையும் தூக்கற மாதிரி எழுது."

"விளையாடாதடி. அந்த பேடில் விஷயம்."

"அதுல என்னக்கா இருக்கு கதை? பேடில் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் தோள்ல பலம் பத்தல. என் உடம்பு வாகு அப்படி. வேற யாராவது இருந்தா அதைப் போட்டே பாஸ் பண்ணியிருப்பாங்க." அப்புறம், "நீ எவ்ளோ ஆசையா வாங்கிட்டு வந்த. நான்தான் சொதப்பிட்டேன்" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது: "சாப்பிட்டியா?"

7

ஆகவே எட்டாம் நாள். இந்தப் பகுதியை எழுதாமல் மற்ற எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தாயிற்று. இதழுக்கான கட்டுரையைக்கூட முடித்துவிட்டேன். அறுநூற்றுப் பன்னிரண்டு வார்த்தை.

கைத்துடுப்பு வாங்கிய எட்டாம் நாள் மாலை, அலுவலகம் முடிந்து குளத்துக்குப் போனேன். அவள் நீந்துவதைப் பார்க்க என்று சொன்னேன். அந்த நீல ஜோடி அவள் கையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

அவள் வெறுங்கையோடு நீந்திக்கொண்டிருந்தாள். கரையோரம் துண்டு மடித்து வைத்திருந்தது. துண்டுக்கு அடியில் நீலம் கொஞ்சம் தெரிந்தது. மறைத்து வைத்திருந்தாள் என்று இப்போது புரிகிறது. என் மனம் நோகக் கூடாதென்று மறைத்திருக்கிறாள்.

[அவள் கரைக்கு வந்ததும் நான் தோள் வலிக்கிறதா என்று]

கேட்கவில்லை. அந்த வரியை அடித்துவிடுகிறேன்.

அவள் சுவருக்கு வந்து நீச்சல் கண்ணாடியைத் தூக்கினாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் குனிந்து சொன்னேன்:

"நான் வாங்கிக் கொடுத்தத போட மாட்டியாடி?"

இதுதான் அந்த வாக்கியம். இத்தனை பக்கம் சுற்றியதும் இதைத் தள்ளிப்போடத்தான். திட்டும் தொனியில்கூடச் சொல்லவில்லை. செல்லமாக, உதட்டைக் கொஞ்சம் பிதுக்கி, அக்காமார்கள் காலம்காலமாகச் சொல்கிற அதே குரலில். அதற்கு எந்தத் தங்கையாலும் பதில் சொல்ல முடியாது.

"இல்லக்கா, போடுவேன். கழண்டு கழண்டு விழுது, அதான். தோள் வேற லேசா" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"கழண்டா மாட்டிக்க வேண்டியதுதான? இங்க குடு கைய."

மணிக்கட்டு வளையத்தைப் பயிற்சியாளர் சொன்னபடி கழற்றிப் பெட்டியிலேயே போட்டிருந்தாள். பெட்டி அவள் பையில் இருந்தது. நான் அந்த இரண்டு ரப்பர் வளையங்களையும் எடுத்துத் துளையில் கோத்தேன். ஈரத்தில் வழுக்கியது, பல்லால் கடித்து இழுத்தேன். அவள் தண்ணீரில் நின்றபடி ஒவ்வொரு கையாக நீட்டினாள். நான் மாட்டிவிட்டு ஒரு சுற்று இறுக்கினேன்.

"இப்ப கழலாது பாரு" என்றேன்.

கழலவில்லை. ஐந்து வாரத்துக்கும் மேலாகக் கழலவில்லை. தினமும் நாற்பது சுற்று, பயிற்சியாளர் இல்லாத மாலை நேரத்தில். கழன்றால் தப்பு என்று சொல்வதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. எட்டு நாளாக அது சொல்லிக்கொண்டே இருந்தது: கை கோணல், நான் பெரிது, இது சரிப்படாது. நான் அதன் வாயைக் கட்டினேன். தண்ணீரின் பாரம் முழுக்க அவள் தோளுக்குப் போனது. மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்ன நாட்களில் இன்னும் இரண்டு பாக்கி இருந்தன.

அன்று நான் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நீலத் தகடுகள் மேலே வந்து வந்து போயின. அழகாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்றில் அவள் இதைப் படிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள், "எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்கிறாள். என் தோளில் சாய்கிறாள். (எந்தத் தோளில்?) இது எனக்கு மிகவும் வசதியான முடிவு. அவளுக்கு அப்போதே தெரியும் என்றால் நான் ஏழு வருஷம் மறைத்தது ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். தவிர, நண்டு இப்படிப் பேச மாட்டாள். உருக்கமான இடம் வந்தால் மூக்கைச் சிந்தி அதைக் கெடுத்துவிடுவாள்.

இரண்டாவதில் அவள் தாள்களை விசிறியடித்துவிட்டுப் போகிறாள். ஆறு மாதம் பேசவில்லை. நான் தினமும் குளத்து வாசலில் போய் நிற்கிறேன். நான்கு பக்கம் வந்தது, விறுவிறுப்பாகவே வந்தது. படித்துப் பார்த்தால் அதில் பாவப்பட்டவள் நான். கிழிந்தது அவள் தோள், அனுதாபம் எனக்கு. கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது முடிவு: நான் இதை யாரிடமும் காட்டவில்லை. கட்டுரை இதழில் வருகிறது. "அளவில் சந்தேகம் இருந்தால் சிறியதையே தேர்ந்தெடுங்கள், மணிக்கட்டு வளையத்தைத் தவிருங்கள்" என்ற வரியை இதழாசிரியர் கட்டம் கட்டிப் போடுகிறார். தங்கை சாவிப் பலகையின் முன்னால் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்கிறாள்.

இது நடந்துவிட்டது. நேற்று இதழ் வந்தது. நேற்று மாலை போனும் வந்தது.

"அக்கா, சின்னதுதான் வாங்கணும்னு போட்டிருக்க?"

"ஆமாடி. இப்பல்லாம் அப்படித்தான் சொல்றாங்க."

"ஓ, இப்பதானா" என்றாள். பின்னால் யாரோ சாவி கேட்கும் சத்தம் வந்தது. "சரிக்கா, நாளைக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

இப்பல்லாம். இந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். இதுதான் கடைசிப் பொய் என்று எழுத ஆசை. அதற்கு உத்தரவாதம் உங்களிடம் எதை வைத்துக் கொடுப்பது?

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். நானும் விடுகிறேன். ஆனால் மன்னியுங்கள், உங்களிடம் இல்லை. இதுவரை கூட வந்ததற்கு நன்றி. நீங்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

9

நண்டு,

இன்று சனிக்கிழமை. நீ மத்தியானம் வேலை முடிந்து வருவாய். செருப்பை வாசலில் ஒன்று ஒரு பக்கம், மற்றது இன்னொரு பக்கம் கழற்றிவிடுவாய். என் வீட்டில் டீத்தூள் டப்பா, சர்க்கரை, வடிகட்டி, உனக்குப் பிடித்த கோப்பை எல்லாமே கீழ்த்தட்டில் இருக்கின்றன. ஏழு வருஷமாக, எந்த வீட்டுக்கு மாறினாலும், அங்கேதான் இருக்கின்றன. மேல்தட்டில் ஒன்றுமே இல்லை. ஏன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உன் சாவிப் பலகையின் மேல் வரிசையைப் பற்றி நானும் கேட்டதில்லை.

உன் தோளில் பலத்துக்குக் குறைச்சல் இருக்கவில்லை. உன் உடம்பு வாகிலும் கோளாறு இல்லை. நீ சொதப்பவில்லை. அது கழன்று விழப் பார்த்தது. நீயும் அதை எடுத்து வைத்துவிட்டாய், சரியாகத்தான் செய்தாய். நான்தான் கட்டினேன். கடைக்காரர் சொல்லியும் பெரியதை வாங்கினது நான். இன்னும் இரண்டு நாள் இருந்தும் மாற்றாதது நான். மருத்துவர் சொன்னபோது உன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்காததும் நான்தான். நீ உன்னையே குறை சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி வரும். அதுதான் இருப்பதிலேயே கேவலம். அதையும் எழுதிவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதவில்லை. அதற்கும் நீ ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், என் முகத்தைப் பார்ப்பாய், "சூப்பரா இருக்கு" என்பாய். வேண்டாம். நீ படி. கோபம் வந்தால் கோபப்படு. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புவதென்றால் கிளம்பு, நான் தடுக்க மாட்டேன். நான் வாங்கிக் கொடுத்தது என்பதற்காக இதையும் நீ மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

தாள்களைத் தைக்கவில்லை, கிளிப்பும் போடவில்லை. எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் கையிலிருந்து நழுவலாம். கடைசித் தாளாக உன் கை இருக்கிறது. விரித்தது. சுண்டுவிரல் பக்கம் நீ சிரித்த இடம் அப்படியே இருக்கிறது.

எல்லாவற்றையும் டீத்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மணி பன்னிரண்டே முக்கால். நீ வந்து கதவைத் தட்டினால் திறப்பேன். வழக்கம்போல, "உட்காருடி, டீ போடறேன்" என்று நான் உள்ளே போகப்போவதில்லை.

"இன்னைக்கு டீ நீ போடு" என்று சொல்லப்போகிறேன்.